ஈரம் காய்ந்ததும் இறங்கி வந்த சிலந்தி: ஒரு சிலி ரோஸ் டரான்டுலாவுக்கு வீடு மாற்றிய பதிவு

வேலை இதுதான். "இது கடிக்க வருது, எனக்கு வேண்டாம்" என்று ஒருவர் கைகழுவிவிட்ட சிலி ரோஸ் டரான்டுலா (மயிர் அடர்ந்த பெரிய சிலந்தி) ஒன்று தொட்டியோடு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அந்தத் தொட்டியின் மண், மூடி, சூடு, வைக்கும் இடம் எல்லாவற்றையும் மாற்றி அதே தொட்டியில் அதை மறுபடி குடிவைக்க வேண்டும். கூடவே, அது நிஜமாகவே கோபக்காரியா, இல்லை தொட்டிதான் அப்படி ஆக்கிவைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். ஏனென்றால் சிலி ரோஸ் என்பது "முதல்முறை வளர்ப்பவர்களுக்கு ஏற்ற சாது" என்று சொல்லி விற்கப்படும் இனம், ஆனால் அதே இனத்தைத்தான் "பைத்தியம் பிடித்தது" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பதும் நடக்கிறது.

நான் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டரில். இங்கே டரான்டுலா வளர்க்க லைசென்ஸ் வேண்டாம். 1976-ஆம் ஆண்டின் ஆபத்தான காட்டு விலங்குச் சட்டத்துப் பட்டியலில் கருப்பு விதவைச் சிலந்தியும் சிட்னி ஃபனல்வெப்பும் உண்டு, டரான்டுலா இல்லை. இந்தியாவில் கதை வேறு, அங்கே யாருக்காவது ஆசை வந்தால் முதலில் வனத்துறை விதிகளைப் படித்துவிட்டு அப்புறம் தொட்டி வாங்குங்கள்.

இந்த இனத்தின் அறிவியல் பெயர் கிராமோஸ்டோலா ரோசியா. சாம்பல் நிறமாக இருந்தால் போர்ட்டெரி என்ற தனி இனம், செம்பு நிறமாக இருந்தால்தான் ரோசியா என்று பிரித்துச் சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அந்தப் பஞ்சாயத்து இங்கே வேண்டாம். என்னிடம் வந்தது சாம்பல். டார்ச் அடித்தால் தலைப்பகுதி ஓட்டில் மட்டும் இளஞ்சிவப்பாக ஒரு மினுக்கு தெரியும். கால் விரித்தால் 13, 14 சென்டிமீட்டர் இருக்கும். வீட்டில் எல்லோரும் ரோசாக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சிலியின் நடுப்பகுதிப் புதர்க்காடுகளும் அட்டகாமா பாலைவனத்தின் ஓரமும்தான் இதன் ஊர். பகலில் நல்ல வெயில், ராத்திரியில் குளிர், மழை குறைவு. இதை மனதில் வைத்துக்கொண்டு அது வந்த தொட்டியைப் பாருங்கள்.

கண்ணாடித் தொட்டி, அடி 45-க்கு 30, உயரம் 30 சென்டிமீட்டர். அடியில் இரண்டு விரல்கடை உயரத்துக்குச் சொதசொதவென்று கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்). தண்ணீர்க் கிண்ணத்தில் தண்ணீருக்குப் பதிலாக ஒரு பஞ்சு. தொட்டிக்குக் கீழே ஒட்டிய ஹீட் மேட், அதாவது மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு. மேலே கம்பிவலை மூடி. அலங்காரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மண்டை ஓடு. ரோசாக்கா இருந்தது மண்ணில் இல்லை, மேல் மூலையில் கண்ணாடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. வயிற்றின் மேல்பக்கம் மயிர் உதிர்ந்து கைரேகை அளவுக்கு வழுக்கை.

இந்த ஒவ்வொன்றும் ஏதோ நல்லது செய்வதாக நினைத்து வைத்ததுதான், அதனால்தான் எரிச்சலாக இருக்கிறது. "வெப்பமண்டலப் பிராணி, சூடும் ஈரமும் வேண்டும்" என்ற பொதுவான எண்ணத்தில் எல்லா டரான்டுலாவுக்கும் ஒரே மாதிரி தொட்டி போட்டுக் கொடுக்கிறார்கள். சிலி ரோஸுக்கு ஈர மண் ஆகவே ஆகாது. மண் நனைந்திருந்தால் அது கால் நுனிகளை மட்டும் ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொண்டு, கழுவிவிட்ட தரையில் வெறுங்காலோடு மாட்டிக்கொண்டவர் மாதிரி நிற்கும், இல்லையென்றால் சுவரில் ஏறிக்கொள்ளும். சுவரில் ஏறுவதில்தான் ஆபத்து. தரையில் வாழும் டரான்டுலாவின் வயிறு மெல்லிய தோல்பை, இதயமும் அதற்குள்தான் இருக்கிறது. ஒரு அடி உயரத்திலிருந்து கல்மேலோ கிண்ணத்து விளிம்பிலோ விழுந்தால் வயிறு கிழிந்து செத்துப்போகக்கூடும். இதனால்தான் மண்ணுக்கும் மூடிக்கும் நடுவே அதன் கால்விரிப்பைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் இடைவெளி வைக்கக் கூடாது என்பார்கள். பழைய தொட்டியில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது.

ஹீட் மேட் விஷயம் இன்னும் மோசம். தரைச் சிலந்திக்குச் சூடு தாங்கவில்லை என்றால் மண்ணைத் தோண்டிக் கீழே போகும். சூரியன் மேலே இருக்கும் இடத்தில் அது சரியான புத்தி. அடியிலிருந்து சுடவைத்தால், தப்பிக்கத் தோண்டத் தோண்ட இன்னும் சூட்டுக்குள்தான் போகும். வீட்டுக்குள் 20 டிகிரி இருந்தால் இந்த இனத்துக்குப் போதும், ராத்திரியில் 17, 18-க்கு இறங்கினாலும் ஒன்றும் ஆகாது. மேட்டைக் கழற்றித் துடைத்து எடுத்துவைத்தேன். இப்போது குளிர்காலத்தில் இட்லி மாவுப் பாத்திரத்துக்கு அடியில் வைக்கிறோம், மாவு நன்றாகப் பொங்குகிறது. அதற்கென்றே செய்த பொருள் போல.

பஞ்சு எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. சிலந்தி தண்ணீரில் மூழ்கிவிடும் என்ற பயம் போலிருக்கிறது. இந்த அளவுள்ள சிலந்தி தாழ்வான கிண்ணத்தில் மூழ்காது, வாயைத் தண்ணீரில் வைத்து உறிஞ்சிக் குடிக்கும். பஞ்சில் ஊறிக் கிடப்பது பாக்டீரியாதான். தாழ்வான கிண்ணம், சுத்தமான குழாய்த் தண்ணீர், அவ்வளவு போதும். டரான்டுலாவின் கால்களை நீட்டுவது தசை அல்ல, உள்ளே இருக்கும் திரவத்தின் அழுத்தம். மடக்கத்தான் தசை உண்டு. உடம்பில் நீர் குறைந்தால் அழுத்தம் குறைந்து கால்கள் உள்ளே சுருண்டுகொள்ளும். மண் காய்ந்திருக்கலாம், கிண்ணம் மட்டும் காயவே கூடாது.

மூடி

கம்பிவலை மூடியை மாற்றுவதுதான் இதில் நிஜமான தச்சு வேலை. டரான்டுலாவின் ஒவ்வொரு கால் நுனியிலும் சின்ன நகங்கள் இருக்கும். வலையில் தலைகீழாக நடக்கும்போது நகம் கண்ணியில் மாட்டிக்கொண்டால் அப்படியே தொங்கும், சில நேரம் காலையே கழற்றிவிட்டு விழும். போன கால் அடுத்தடுத்த தோலுரிப்பில் திரும்ப வளரும் என்பது உண்மைதான், அதற்காக விட்டுவிட முடியுமா.

தொட்டி விளிம்புக்கு அளவாக வெட்டிய அக்ரிலிக் ஷீட், 5 மில்லிமீட்டர் தடிமன். 3 மில்லிமீட்டர் மலிவு, ஆனால் வளையும். அக்ரிலிக் ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் உப்பும் பொருள். உள்பக்கம் ஈரமும் வெளிப்பக்கம் ஹீட்டர் காய்ச்சலுமாக இருந்தால் ஒருபக்கம் நீண்டு ஷீட் வில்லாக வளைந்து, மூலையில் விரல் நுழையும் சந்து வந்துவிடும். சிலந்திக்கு அது போதும். தலைப்பகுதி ஓடு நுழையும் சந்து எதுவானாலும் மிச்ச உடம்பும் நுழைந்துவிடும். அதனால் நீளவாட்டு இரண்டு ஓரத்திலும் அலுமினிய எல்-ஆங்கிள் ஒன்றை வைத்துச் சின்ன போல்ட் போட்டு இறுக்கினேன். வறண்ட தொட்டிக்கு இது கொஞ்சம் அதிகப்படிதான், ஆனால் மூடியைத் தூக்க ஒரு பிடிமானம் கிடைத்தது.

துளை போடுவதில்தான் அக்ரிலிக் பொறுமையைச் சோதிக்கும். புது டிரில் பிட் நல்லது என்று நினைப்போம், ஆனால் கூர்மையான முனை அக்ரிலிக்கைக் கவ்வி இழுத்து, மறுபக்கம் வெளியே வரும்போது படக்கென்று ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு வரும். 3 மில்லிமீட்டர் பிட்டின் வெட்டும் விளிம்பை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மழுக்கிக்கொண்டேன், அப்போது அது கவ்வாமல் சுரண்டும். ஷீட்டின் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப், கீழே வேண்டாத பிளைவுட் துண்டு, மெதுவான வேகம், கையில் அழுத்தம் கம்மி, கடைசி ஒரு மில்லிமீட்டருக்கு அதுவும் கிடையாது. வேகம் கூடினால் துளையோரம் உருகிப் பிசுபிசுக்கும், ஒரு இனிப்பு நாற்றம் வரும், உடனே நிறுத்திவிட வேண்டும். துளைகளை மூடி முழுக்க இறைக்காமல் இரண்டு எதிர் ஓரங்களில் பட்டைபட்டையாகப் போட்டேன். சாலிடரிங் அயர்னால் உருக்கித் துளை போடுபவர்கள் உண்டு. எனக்கு அந்தப் புகை ஆகாது, துளையின் ஓரத்தில் தடிப்பும் விழும்.

முடிந்தபின் தூள் எல்லாம் நிலைமின்சாரத்தில் ஷீட்டோடு ஒட்டிக்கொண்டு வராது. கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதில் அம்மோனியாவோ ஆல்கஹாலோ இருக்கும், துளையோரங்களில் மயிரிழை விரிசல்களாகப் பரவிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திர சோப்பு, மென்மையான துணி, அவ்வளவுதான். அப்புறம் நன்றாக அலசிக் காயவிட வேண்டும்.

மண்ணுக்கு உரம் கலக்காத தோட்ட மண், கோகோபீட், கொஞ்சம் மணல். கோகோபீட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் இலங்கையிலிருந்து வந்தது. பொள்ளாச்சியில் கயிற்று ஆலைக்குப் பின்னால் மலைமலையாகக் குவித்துப் போட்டிருந்த நார்க்கழிவைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, அதைக் கட்டியாக அமுக்கிய செங்கல் ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. தனிக் கோகோபீட் காய்ந்தால் பஞ்சாகக் கால் புதையும், சிலந்திகளுக்கு அது பிடிப்பதில்லை. மண் கலந்து, பிசைந்தால் உருண்டை பிடித்து உடனே உதிரும் பதத்தில் நிரப்பி, மரக்கட்டையால் அடித்து அமுக்கி, 12 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கெட்டிப்படுத்தினேன். மூடிக்கு மிச்சம் 18. ஒரு மூலையில் பாதியாக உடைந்த மண்தொட்டியைக் கவிழ்த்து, அதற்குக் கீழே குச்சியால் ஒரு சின்னக் குழி. மண்டை ஓடு குப்பைக்கு. இப்படி நிரப்பிய தொட்டியை மூடாமல் ஹீட்டர் பக்கத்தில் மேல்மண் வெளிறும் வரை காயவைத்தேன். இதற்கு நாள் பிடிக்கும், அவசரப்படக் கூடாது.

இடமாற்றம்

மண் காயும்வரை ரோசாக்காவுக்குத் தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் டப்பா: காற்றுத் துளை, காய்ந்த மண், தண்ணீர், ஒளிய ஒரு மரப்பட்டை. அதற்குள் கொண்டுபோவதுதான் சுவாரசியமான பகுதி.

எல்லாம் தரையில். மேசைமேல் வைத்து இந்த வேலையைச் செய்யவே கூடாது, காரணம் மேலே சொன்ன வயிறுதான். துணி போட்டுவைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றுக்குள் பழைய தொட்டியை இறக்கிவைத்தேன், ஓடினாலும் பெட்டிக்குள்ளேயே நிற்கும். முழுக்கை சட்டை, நைட்ரைல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. கடிக்குப் பயந்து கண்ணாடி போடவில்லை. சிலி ரோஸின் விஷம் ரொம்ப லேசானது, சாதாரணமாகத் தேனீ கொட்டிய அளவு என்பார்கள், ஒவ்வாமை இருப்பவர்கள் கதை தனி. நிஜமான ஆயுதம் வயிற்றிலிருக்கும் கொக்கி மயிர்கள். அமெரிக்கக் கண்டத்து டரான்டுலாக்களில் பெரும்பாலானவை பின்னங்காலால் வயிற்றை விறுவிறுவென்று தேய்த்து அவற்றைக் காற்றில் பறக்கவிடும். லீட்ஸ் நகரத்தில் 29 வயது ஆள் ஒருவர் தன் சிலி ரோஸின் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது முகத்தில் இப்படி வாங்கிக்கொண்டார். கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் போய்ச் சேர்ந்த மருத்துவமனையில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விழியின் கருவிழிப் படலத்தில் மயிர்கள் குத்தி நின்றது தெரிந்தது. மருத்துவ இதழான லான்செட்டில் அது வெளிவந்திருக்கிறது. ஆக, அந்த வழுக்கையைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: இந்தச் சிலந்தி அடிக்கடி மயிர் வீச வேண்டிய நிலையில் இருந்திருக்கிறது.

அதன் மனநிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நான் வைத்திருக்கும் ஒரே கருவி ஓவியம் வரையும் மென்மையான பிரஷ், நீளக் கைப்பிடியில் கட்டியது. முதலில் பின்னங்காலை, அதுவும் நுனியை மட்டும் தொட வேண்டும். கண் எட்டு இருந்தும் டரான்டுலாவுக்குப் பார்வை மட்டம், வெளிச்சம் நிழல் அளவுதான். உலகத்தை அது காலிலிருக்கும் மயிர்கள் வழியாகத்தான் அறிகிறது: தரை அதிர்வு, காற்றசைவு, கால் நுனியால் ருசியும்கூட. முன்னங்கால் பக்கம் திடீரென்று ஏதாவது பட்டால் அது இரையாக இருக்கலாம், எதிரியாகவும் இருக்கலாம், முடிவெடுக்க நேரம் இல்லை. பின்பக்கம் லேசாகப் பட்டால் மட்டும் "யாரோ, நகர்ந்துகொள்வோம்" என்று நகரும்.

ரோசாக்கா நகரவில்லை. பிரஷ் பட்ட மாத்திரத்தில் சுவரிலிருந்து இறங்கித் திரும்பி, முன்னங்கால் இரண்டு ஜோடியையும் தூக்கி, பின்னுக்குச் சாய்ந்து நின்றது. பல் இரண்டும் விரிந்து, அவற்றுக்குக் கீழே வாயோரத்துச் சிவப்பு மயிர் தெரிந்தது. பல் நுனியில் விஷச் சொட்டு எதுவும் இல்லை. இந்தக் கோலத்தைப் பார்த்துத்தான் "கடிக்க வருது" என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் கவனியுங்கள், அது வரவில்லை, நின்ற இடத்தில் நிற்கிறது. கடிக்க வேண்டும் என்று இருந்தால் இப்படி வயிற்றையும் காட்டிக்கொண்டு நின்று அறிவிப்புக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பிரஷ்ஷை எடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கால் ஒவ்வொன்றாக, ரொம்ப மெதுவாக இறங்கியது. கடைசிக் கால் இறங்கியபின் அதற்கு முன்னால் டப்பாவைப் படுக்கவைத்து, பின்னால் நீளமான அட்டை ஒன்றை மட்டும் சுவர் மாதிரி நகர்த்தினேன். இருட்டான, காய்ந்த பக்கம் எதிரே இருந்தது. முன்னங்காலை உள்ளே வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டுத் தானாக நடந்து போய்விட்டது. பிடிப்பதைவிடப் போகவைப்பது எப்போதும் லேசு.

பாதி விடை அந்தத் தற்காலிக டப்பாவிலேயே தெரிந்துவிட்டது. அன்று ராத்திரி சிவப்பு டார்ச்சில் பார்த்தபோது வயிறு மண்ணைத் தொட, எட்டுக் காலையும் தளர்த்தி விரித்துப் படுத்துக் கிடந்தது. என்னிடம் வந்த பிறகு அதைத் தரையில் பார்த்தது அதுதான் முதல்முறை. அடுத்தநாள் மூடியைத் திறந்தேன், சும்மா இருந்தது. ஒரு காலை மட்டும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டது.

அப்புறம்

தொட்டி தயாரானபின் மறுபடி அதே அட்டை, அதே முறை. போனதும் முதல் வேலையாகத் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போய் முகத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அசையாமல் நின்றது. ஈரத்தில் ஊறிய தொட்டியில் இருந்த சிலந்திக்கு இவ்வளவு தாகம். ஈர மண்ணும் குடிநீரும் வேறுவேறு என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

தொட்டியைச் சரிசெய்ததும் சாதுவாகிவிட்டது என்று எழுதிவிட்டுப் போகலாம், ஆனால் அப்படி நடக்கவில்லை. சுவரில் ஏறுவது நின்றது, மயிர் வீசுவது அபூர்வமாகிவிட்டது. ஆனால் சில நாட்களில் மூடியைத் தொட்டாலே முன்னங்கால்கள் மேலே போயின, சில நாட்களில் கிண்ணத்தையே எடுத்து வைத்தாலும் கண்டுகொள்ளவில்லை. அதனால் நோட்டு ஒன்று போட்டேன்: தேதி, வெப்பநிலை, எங்கே உட்கார்ந்திருந்தது, பின்கால் நுனியில் பிரஷ் பட்டதும் என்ன செய்தது, சாப்பிட்டு எத்தனை நாள், வீட்டில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது. கடைசி வரியைச் சும்மா சேர்த்தேன், அதுதான் உதவியது. கால் தூக்கிய நாட்களில் பெரும்பாலும் சமையலறையில் வாஷிங் மெஷின் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது, அல்லது அதே அலமாரியின் கீழ்த்தட்டில் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்திருக்கிறது. தொட்டியை அந்த அலமாரியிலிருந்து எடுத்து, சமையலறைச் சுவரிலிருந்து தள்ளி, தனி ஸ்டாண்டில், அடியில் யோகா மேட் வெட்டிய துண்டு வைத்து உட்காரவைத்தேன். அதற்கப்புறம் பட்டியல் ரொம்பவே அமைதியானது.

அமைதியானது, ஆனால் முழுக்க இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல், பசியாக இருக்கும்போது முன்பக்கம் பிரஷ்ஷைக் காட்டினால் இன்னும் பாய்கிறது. கால் தூக்காமல் நேராகப் பாய்ந்து பிரஷ்ஷைப் பிடித்தால் அது சாப்பாடு என்று நினைத்துவிட்டது, விட்டுவிடும். கால் தூக்கி நின்றால் பயம். மயிர் வீசினால் தொந்தரவு தாங்கவில்லை. கால்களையெல்லாம் உடம்போடு இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டால் வெளிச்சம் அதிகம், லைட்டை அணை. இந்த நான்கையும் "கோபம்" என்ற ஒரே பெட்டியில் போட்டுவிட்டால் அந்தச் சிலந்தியைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது. இவையெல்லாம் போக மிச்சமிருப்பதைத்தான் அதன் குணம் என்று நான் சொல்வேன். ரோசாக்காவின் குணம் கொஞ்சம் படபடப்பானது. என்னிடம் இருக்கும் இன்னொரு சிலந்தி சுருள்மயிர் டரான்டுலா, மத்திய அமெரிக்காவிலிருந்து வரும் இனம். அதை எந்த நேரத்தில் தொட்டாலும் திரும்பிக்கூடப் பார்க்காமல் மண்ணைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

கையில் எடுத்து விளையாடுவீர்களா என்று வீட்டுக்கு வரும் எல்லோரும் கேட்கிறார்கள். மாட்டேன். நாய் மாதிரிப் பழகிப் பாசம் வைக்கும் பிராணி இல்லை இது. கையில் ஏறுவதால் அதற்கு ஒரு லாபமும் கிடையாது, விழுந்தால் நஷ்டம் முழுக்க அதற்குத்தான். கையில் நடக்கவிட்டு வீடியோ எடுப்பதைச் "சாது" என்பதற்கு ஆதாரமாகக் காட்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். முதலில் சிள்வண்டு போட்டேன், தொடவில்லை. மறுநாள் எடுத்துவிட்டேன். சாப்பிடாத இரையை ஒருநாளுக்கு மேல் உள்ளே விடக் கூடாது, சிலந்தி தோலுரிக்கும் நேரமாக இருந்தால் சிள்வண்டு அதைக் கடித்துத் தின்றுவிடும். அப்புறம் டூபியா கரப்பான். இதை வாங்க வீட்டில் அனுமதி கிடைத்ததே பெரிய கதை. ஊரில் செருப்பால் அடித்துக்கொண்டிருந்த ஜந்துவைக் காசு கொடுத்து வாங்கி, கேரட் போட்டு வளர்ப்பதை என் மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை. டூபியா மண்ணுக்குள் புகுந்துகொள்ளும், தலையை நசுக்கிவிட்டுப் போட்டால் நிற்கும். அதையும் தொடவில்லை. சிலி ரோஸ் பட்டினி கிடப்பதற்குப் பேர்போன இனம், ஒரு வருடத்துக்கு மேல்கூடச் சாப்பிடாமல் இருக்கும். வயிறு சுருங்காமல், தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்தால் பதற வேண்டியதில்லை. வயிறு தலைப்பகுதியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் சரி. ரொம்ப உப்பியிருப்பதும் நல்லதில்லை, விழுந்தால் கிழியும்.

பட்டினிக்குக் காரணம் பிறகு தெரிந்தது. வயிற்றின் வழுக்கை நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே வந்தது. உள்ளே புதுத் தோலும் புது மயிரும் தயாராகின்றன என்று அர்த்தம். ஒருநாள் காலையில் மண்தொட்டிக்கு வெளியே மெல்லிய வெள்ளை விரிப்பு ஒன்றைப் பின்னி, அதன்மேல் மல்லாந்து கிடந்தது. முதன்முறை பார்ப்பவர்கள் செத்துவிட்டது என்று நினைத்துத் திருப்பிப் போடுவார்கள், அப்போதுதான் நிஜமாகச் சாகும். செத்த டரான்டுலா பெரும்பாலும் கால் மடங்கிக் குப்புறக் கிடக்கும், மல்லாந்து கிடப்பது தோலுரிக்க. தலைப்பகுதி ஓடு ஒரு மூடியைப்போலத் தெறித்துத் திறந்தது. கால்கள் எட்டும் பழைய கால்களுக்குள்ளிருந்து துடிப்புத் துடிப்பாக வெளியே வழுகி வந்தன. புதுப் பற்கள் பால் வெள்ளை. அவை சிவந்து கறுத்துக் கெட்டியாகும்வரை சாப்பாடு கிடையாது, இரண்டு வாரத்துக்கு நான் மூடியைக்கூடத் தண்ணீருக்கு மட்டும்தான் திறந்தேன். இந்த நாட்களில் எந்தச் சிலந்தியும் படபடப்பாகத்தான் இருக்கும், நோட்டில் இதையெல்லாம் குணக்கணக்கில் சேர்க்கக் கூடாது.

உரித்த தோல் சுருண்டு உலர்வதற்குள் எடுத்து, சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் ஊறவைத்து, வயிற்றுப் பகுதியைக் குண்டூசியால் பிரித்து உள்பக்கம் பார்த்தேன். மேல்ஜோடி நுரையீரல்களுக்கு நடுவே விந்துப்பைக்கான (ஆணிடமிருந்து வந்த விந்தைப் பெண் சேமித்துவைக்கும் பை) சின்ன மடிப்பு தெளிவாக இருந்தது. பெண் என்று உறுதி. இனி இருபது வருடம்கூட இருக்கும். ஆணாக இருந்தால் முதிர்ந்தபின் அதிகம் போனால் ஒன்றிரண்டு வருடம். வயிற்றில் புது மயிர் அடர்ந்து வழுக்கை போய்விட்டது. இப்போதிருந்து அது எப்போது திரும்ப வருகிறது, எந்த அளவு என்று பார்த்தாலே தொட்டி அதற்குச் சரிப்படுகிறதா என்று சொல்லிவிடலாம். நோட்டைவிட நம்பகமான கணக்கு.

நம் ஊர் டரான்டுலாக்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். போசிலோதீரியா என்ற மரவாழ் இனங்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் உண்டு. சேலம் பக்கத்திலிருந்து ஒன்று 1899-இல் விவரிக்கப்பட்டது, ராமேஸ்வரத்திலிருந்து ஒன்று 2004-இல். இரண்டாவது மிகவும் அருகிவிட்ட இனம். 2019-லிருந்து இந்த வகை முழுவதற்கும் சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்துக்கான சர்வதேச ஒப்பந்தப்படி ஏற்றுமதி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு உண்டு. இங்கே தொட்டியில் பிறந்தவை விற்பனைக்குக் கிடைக்கின்றன, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாத அழகு. ஆனால் இவற்றுக்கு மயிர் வீசும் வசதி கிடையாது. ஓட்டமும் கடியும்தான், கடித்தால் நாள்கணக்கில் தசைப்பிடிப்பு வரும். ஓட்டமோ பிரஷ் பட்டது தெரிவதற்குள் தொட்டியின் மறுகோடி. நான் மேலே எழுதிய அட்டை வைத்து நகர்த்தும் முறையை அதனிடம் நம்பிப் போகாதீர்கள். ஊர்ப்பாசத்தில் முதல் சிலந்தியாக அதை வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்த வேலை சுருள்மயிர்ச் சிலந்தியின் மூடி. அதற்கு மண்ணில் கொஞ்சம் ஈரம் வேண்டும், ஆகவே அக்ரிலிக் வளையும். பாலிகார்பனேட் ஷீட் சொல்லி வைத்திருக்கிறேன். துளை போடும்போது அவ்வளவாகச் சில்லு பெயராது என்கிறார்கள். ஆனால் கீறல் சீக்கிரம் விழும் பொருள், ஷீட்டோடு வரும் பாதுகாப்புப் படலத்தைக் கடைசிவரை உரிக்காமல் வைத்துக்கொண்டுதான் வெட்ட வேண்டும்.